முதல் தொட்டியில் நான்கு பெண்கள்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மீன்களும் நலம், நலத்தில் குறைவில்லை, இடம்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது.

ஆய்வகத்தில் குழாய் மாற்றி முடிக்கும்வரை இரண்டு தொட்டிகளையும் எங்கள் முன்னறையில் வைத்துவிட்டுப் போகும்போது பொறுமையாக விளக்கினீர்கள்: முட்டையாகவோ விந்தாகவோ மாறவேண்டிய ஆதிச் செல்களைக் கருவிலேயே தடுத்துவிட்டால் இந்த வரி போட்ட மீன்கள் அத்தனையும் ஆணாகவே வளரும், ஆனால் அப்பாவாக முடியாது, முதல் தொட்டி அப்படிப்பட்டது, இரண்டாவது சாதாரணம் என்று. பள்ளி இறுதித் தேர்வை இரண்டு முறை எழுதிய அனுபவத்தில் நானும் தலையாட்டினேன். மண்டையில் ஏறியது "அத்தனையும் ஆண்" என்பது மட்டும்தான். கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் ஆண்கள் விடுதியில் ஐந்து பேரோடு ஒரே அறையில் கிடந்தவன் நான்; புதன்கிழமை காலை மனசு கேட்காமல், டீ வடிகட்டியால் இரண்டாம் தொட்டியிலிருந்து வயிறு பெருத்த பெண்களாகப் பார்த்து நான்கை அள்ளி முதல் தொட்டியில் விட்டேன். என் அறிவுக்கு அது சமூக சேவை.

நேற்று உங்கள் ஆய்வக உதவியாளர்ப் பெண் வந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"சார், இதுல பொண்ணு இருக்கு. அந்தச் செல் இல்லாம பொண்ணா வளரவே முடியாதே."

"அப்படியாம்மா" என்றேன், துண்டைத் தேடியபடி.

"நாலு இருக்கு சார். ரெண்டு வருஷ வேலையே தலைகீழாயிடுச்சு" என்று அங்கேயே உங்களுக்குப் போன் போட்டார். நாளை மாநாட்டில் மேடையேறி உங்கள் முடிவு தப்பு என்று நீங்களே சொல்லப்போவதாக மகள் அழுகிறாள். மாப்பிள்ளை, சொல்லாதீர்கள். உங்கள் விஞ்ஞானம் சரி, உங்கள் மாமனார்தான் தப்பு. வாயால் சொல்லத் தைரியமில்லாமல் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். மற்றபடி சேதம் ஒன்றுமில்லை. அந்த நான்கையும் பழைய இடத்தில் விட்டால் எல்லாம் முன்போலத்தான்.

சபையில் என்னை உறவு சொல்ல வேண்டாம். இருவரும் நீடூழி வாழ ஆசி கூறும்,
மாமனார்

பி.கு.: இதை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "அத அன்னிக்கு சாயங்காலமே பாத்துட்டேனே. வயிறு பெருத்த நாலையும் எடுத்துப் பழையபடி விட்டாச்சு" என்றாள். அன்று மதியம் கல்யாண விருந்து என்று நான் போட்ட தீனியில் ஆண்களுக்கும் தொப்பை விழுந்தது அவளுக்குத் தெரியாது. ஆக, நேற்று உதவியாளர் எண்ணியபடி பெண்கள் நான்கும் முதல் தொட்டியிலேயே இருக்க, உங்கள் ஆண்கள் நான்கு இரண்டாம் தொட்டிக்குப் போய் அங்குள்ள ஆண்களோடு கலந்துவிட்டன. யார் யாரென்று எனக்குத் தெரியவில்லை. எனவே "சேதம் ஒன்றுமில்லை" என்ற வரியை அடித்துவிட்டு, "மாமனார்தான் தப்பு" என்ற வரியை இரண்டு முறை படிக்கவும்.