ரேஸ் திடலுக்காக நான் சேர்த்த நூற்றெண்பது கையெழுத்து

எங்கள் சனத்திடம் ஒரு பேப்பரை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், இது எதற்கு, யார் கேட்டது, பிறகு வரிக்காரன் வீடு தேடி வருவானோ என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதே பேப்பரைக் கோயிலில் ஒரு மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு பேனையையும் வைத்துவிட்டு விலகிப் போய்ப் பாருங்கள். ஒரு கேள்வியும் இல்லாமல் வரிசையில் நிற்பார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று, என்னைப் போலக் கெட்டிக்காரி மொன்றியலிலேயே இல்லை என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து நகரசபைக் கூட்டத்தில் எழும்பி நின்றபோது அந்த நினைப்பு போய்விட்டது.

நான் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். பெட்டிக்குள் இருப்பதும் வெளியே ஒட்டிய சீட்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது என் தொழில். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு பெட்டி பிழையென்று திரும்பி வந்ததில்லை. (இதை நான் சொல்லாத ஆள் இல்லை. அந்தப் பெருமைக்குத்தான் அடி விழுந்தது.)

இவர், அதாவது என் கணவர் தவராசா, ஒரு கராஜில் மெக்கானிக். கிழமை நாளில் ஊரார் காருக்கு டயர் மாற்றுவார். கோடை வந்தால் சனிக்கிழமைகளில் ரேஸ் ஓடுவார். நம்பமாட்டீர்கள், நானும் முதலில் நம்பவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட ஓட்டத்தில், வயலும் கிடங்குகளும் முட்டுகிற இடத்தில் ஒரு மண் திடல் இருக்கிறது. அதில் அடிபட்டு நெளிந்த பழைய கார்கள் வட்டம் வட்டமாகச் சுற்றும். பதினேழாம் இலக்கம் எழுதிய ஹொண்டாவுக்குள், கம்பிக் கூட்டில் அடைத்த கோழி மாதிரி இருப்பவர் இவர்தான். ஒரு நாளும் வென்றதில்லை. ஒருமுறை கடைசிக்கு முதல் ஆளாக வந்துவிட்டார். அன்றைக்கு இறைச்சிக் கடைக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

எனக்கு அந்தத் திடலைக் கண்ணில் காட்டக்கூடாது. எங்கள் ஆட்களின் கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாம் சனிக்கிழமையில்தான் வரும். நான் சீலை உடுத்துத் தனியே போய் நிற்பேன். "எங்கை அவர்?" என்று கேட்டால், "வேலை" என்பேன். ஐம்பத்தாறு வயது மனுசன் மண்ணுக்குள் வட்டமடிக்கிறார் என்று சபையில் எப்படிச் சொல்வது?

போன வருடம் ஆடி மாதம் அந்தக் கதை வந்தது. திடலை யாரோ கட்டடக்காரர்கள் வாங்கப் போகிறார்கள், இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறார்கள், நகரசபை ஓம் என்றால் சரி. இவர் அதை என்னிடம் சொல்லவே இல்லை, வெளியில்தான் கேள்விப்பட்டேன். நிலக்கீழ் அறையில் அரிசி எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். ரேஸுக்குப் போடுகிற ஹெல்மெட்டைக் கழுவித் துடைத்து, பொலித்தீன் பையில் கட்டி, குளிர் உடுப்புப் பெட்டிக்கு மேல் வைத்திருந்தார். கோடை பாதிகூட முடியவில்லை.

அந்தத் திடல் ஒழியவேண்டும் என்று நான் பத்து வருடமாக வைத்த நேர்த்தி பலித்துவிட்டது. சந்தோசப்பட்டிருக்கவேண்டும். அந்த அரிசி வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன்.

ஏனென்று சொல்கிறேன். ஒருமுறை இவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கத் திடலுக்குப் போனேன். வீட்டில் "ஓம்", "சரி", "கறி இருக்கோ" என்ற மூன்று வசனத்தோடு சீவிக்கிற மனுசன், அங்கே கியூபெக் ஆட்கள் ஏழெட்டுப் பேருக்கு நடுவில் நின்று, கையைக் காலை ஆட்டித் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஏதோ கதை சொல்கிறார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இவரும் சிரிக்கிறார். தனி ஆளாக இந்தப் பனிக்குள் வந்து இறங்கிய மனுசனுக்குச் சிரிக்க ஒரு இடம் கிடைத்திருக்கிறது. அதைத்தான் இடிக்கப் போகிறார்கள்.

மகள் ஆரணியைப் பிடித்தேன். சிஜெப் கல்லூரியில் படிக்கிறாள், பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. அவள் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்த நகரசபை எல்லைக்குள்ளை இருக்கிற ஆக்கள் நூறு பேர் எழுதிக் குடுத்தால், முடிவைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேக்கலாம் அம்மா. ஆனா ஒண்டு, வீடும் வேணும்தானே. வாடகைக்கு இடம் தேடி எங்கட ஆக்களே அலையினம்."

"வீடு வேற இடத்திலையும் கட்டலாம். உன்ர அப்பா வேற எங்கை போய்ச் சுத்துறது?" என்றேன்.

அவள் பிரெஞ்சில் படிவம் அச்சடித்துத் தந்தாள். பேர், விலாசம், கையெழுத்து என்று மூன்று நிரல். பக்கத்துக்குப் பதினைந்து வரி. இவருக்குத் தெரியாமல் செய்து, கூட்டத்தன்று ஆளைத் திகைக்க வைப்பது என் திட்டம்.

அடுத்த நாள் ஆடி வெள்ளி. இவர் என்னை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போனார். கோயிலில் நிற்க இடமில்லை. பன்னிரண்டு பேப்பரையும் அர்ச்சனைத் துண்டு எழுதுகிற மேசைக்குப் பக்கத்து மேசையில் வைத்தேன். (வேறு மேசை இருக்கவில்லை. சரி, இருந்தது. ஆனால் அங்கேதான் சனம் கூட.) முதலில் வந்தவர் பரமேஸ் அக்கா. கோயிலில் எந்த வரிசைக்கும் அவதான் தலை. "அக்கா, இதிலை ஒருக்கா எழுதிவிடுங்கோ" என்றேன். ஏன், எதற்கு என்று விளக்க வாய் திறக்கமுதல், சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடிக்கிறது என்று மடப்பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஓடிவிட்டேன்.

பொங்கலோடு மல்லுக்கட்டி முடித்துத் திரும்பி வந்தால், பன்னிரண்டு பக்கமும் நிரம்பியிருக்கிறது. பின்பக்கத்திலும் எழுதலாமா என்று நாலைந்து பேர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். நூற்றெண்பது பேர். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் சனத்துக்கு ரேஸ் மேல் இவ்வளவு பற்று இருந்திருக்கிறதே, நான்தான் ஒளித்துத் திரிந்திருக்கிறேன்.

அந்த நேரம் பரமேஸ் அக்கா வந்தா. "ஏன் பிள்ளை, ஐயர் எங்கட பேர் ஒண்டும் வாசிக்கேல்லையே?"

"அது நகரசபையிலை வாசிப்பினம் அக்கா."

"அங்கையும் வாசிக்கினமோ?" என்று கேட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனா. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும்.

வீட்டில் ஆரணி, "ஒருக்கா செக் பண்ணிப்போட்டுக் குடுங்கோ அம்மா" என்றாள். பக்கங்களை எண்ணினேன், வரிகள் நிரம்பியிருக்கின்றனவா என்று விசுக்கென்று புரட்டினேன். "பதினெட்டு வருசம் செக் பண்ணுறவளுக்கு நீ படிப்பிக்கிறியோ?" என்று சொல்லி உறையை ஒட்டிவிட்டேன். திங்கட்கிழமை நகரசபையில் கொடுத்தாயிற்று.

கூட்டத்தன்று பின்னேரம் மண்டபம் நிரம்பியிருந்தது. திடலை நடத்துகிற ரெஜான், காரோட்டிகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்களுக்கு நடுவில், ஏன் வந்தோம் என்றே தெரியாமல் இவர். முன்வரிசையில் கட்டடக்காரரின் ஆள், கோட்டுப் போட்ட ஒரு இளந்தாரி, படங்களோடு உட்கார்ந்திருந்தான். என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பினேன். பின்னால் இவர் "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

நாலு பிரெஞ்சு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். முதலாவதைச் சொல்லி முடித்ததும் நகரசபைத் தலைவி அம்மா கையை உயர்த்தினா. நல்ல மனுசி, கண்ணாடி போட்ட மரியாதையான முகம். (அவ பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.)

"மிக்க நன்றி மதாம். எங்களுக்கு ஒரு சின்னச் சந்தேகம். இந்த விலாசங்களை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை."

என் மனுவைப் பெரிய திரையில் போட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் அதை வாசித்தேன்.

பரமேஸ்வரி. உத்திராடம். மகனுக்கு நிரந்தர வேலை கிடைக்க.

பேர் இருக்கவேண்டிய இடத்தில் பேர். விலாசத்துக்கு நட்சத்திரம். கையெழுத்துக்கு வேண்டுதல். முதல் ஆள் எழுதியதைப் பார்த்து இரண்டாம் ஆள், இரண்டாம் ஆளைப் பார்த்து மூன்றாம் ஆள். நூற்றெண்பது பேரும் முருகனுக்கு எழுதியிருக்கிறார்கள், நான் அதைக் கொண்டுபோய் நகரசபையில் கொடுத்திருக்கிறேன்.

"எங்கள் அலுவலர் ஒன்றைக் கவனித்தார்" என்றா தலைவி அம்மா. "இந்த ஒரே சொல் பதினொரு இடத்தில் இருக்கிறது. பதினொரு பேரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்களா?"

அது பூசம். "கட்டடம் இல்லை மதாம். அது... நட்சத்திரம்."

"நட்சத்திரம்?"

"வானத்தில் இருக்கிறது."

மண்டபம் வெடித்தது. ஆரணி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். தலைவி அம்மா சிரிக்கவில்லை. உண்மையாகவே விளங்க விரும்பினா. மூன்றாவது நிரலில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டா. மாட்டேன் என்பதற்கான பிரெஞ்சு அந்த நேரம் வாயில் வரவில்லை. வாசிக்கத் தொடங்கினேன். மருமகளுக்குச் சுகப்பிரசவம். தங்கச்சியின் விசா. சோதினை பாஸ். வயிற்றுக்குத்து. அதற்கு அடுத்த வரி: சொந்த வீடு ஒன்று அமைய.

கோட்டுப் போட்ட இளந்தாரி எழும்பினான். "தலைவி அவர்களே, இவர் எங்கள் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள்."

ரெஜான்கூடச் சிரித்தார். நானும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அப்போதுதான் பக்கத்தின் கடைசி வரிக்குக் கண் போனது. கராஜ் பில்லில் எழுதுகிற அதே சரிந்த சின்ன எழுத்து.

தவராசா. சதயம். மனைவியின் முழங்கால் நோ மாற.

எனக்கு ஆறு வருடமாக முழங்கால் நோ. சீமெந்துத் தரையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. படியிறங்கும்போது பக்கவாட்டாக இறங்குவேன். இவர் ஒரு நாளும் என்ன என்று கேட்டதில்லை. கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன், அதையும் சொல்லித் திட்டியிருக்கிறேன். ஹெல்மெட்டைக் கழுவிக் கட்டி வைத்த அதே கிழமை, எது வேண்டுமென்றாலும் கேள் என்று ஒரு நிரல் முன்னால் இருக்க, மனுசன் கேட்டிருப்பது என் முழங்காலை.

"அந்தக் கடைசி வரி, மதாம்?" என்று தலைவி அம்மா கேட்டா.

பொய் சொல்ல நினைத்தேன், அதற்கும் பிரெஞ்சு வேண்டுமே. "இது என் கணவர். அவர் திடலில் ரேஸ் ஓடுகிறவர். அவர் கேட்டது... என் முழங்கால் சுகமாகவேண்டும் என்று."

திரும்பிப் பார்த்தேன். ரெஜான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார், காது இரண்டும் சிவந்து போயிருந்தது.

தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றினா. "இப்போது முழங்கால் எப்படி மதாம்?"

"அப்படியேதான் இருக்கிறது" என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன், எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

மனு தள்ளுபடி. நூற்றெண்பதில் ஒரேயொருவர் ஒழுங்கான விலாசம் எழுதியிருந்தார். அவர் இருப்பது அடுத்த நகரமான லாவாலில், கணக்கில் எடுக்கமாட்டார்களாம். ஆனால் அதே கூட்டத்தில் முடிவையும் தள்ளி வைத்தார்கள். காலங்காலமாக எண்ணெய் ஊறிய மண், வீடு கட்டமுதல் அதைச் சோதிக்கவேண்டுமாம். எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பரமேஸ் அக்கா மட்டும், அர்ச்சனை பலித்தது என்று இன்றைக்கும் சாதிக்கிறா.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் கேட்டேன். "மேலை பிரெஞ்சிலை எழுதியிருந்ததே, வாசிக்கேல்லையோ?"

"கண்ணாடி கொண்டு போகேல்லை."

"சரி, சாமியிட்டை எண்டுதானே நினைச்சனீங்கள். ரேஸ் தொடரவேணும் எண்டு கேட்டிருக்கலாமே?"

இவர் கியரை மாற்றினார். "அது என்ர விளையாட்டெல்லே. அதுக்குப்போய் முருகனைக் கரைச்சல்படுத்துறதே?" என்றார். நான் அறிந்து இவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது.

மண் சோதனை இன்னும் முடியவில்லை. இன்னும் எத்தனை சனிக்கிழமை மிச்சம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே நான் இப்போது கலியாண வீடுகளுக்குப் போவதில்லை. எங்கே என்று கேட்டால், "ரேஸ்" என்று சொல்லிவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திடலில் போய் உட்காருகிறேன். ரெஜான் ஒலிபெருக்கியில் காரோட்டிகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். பதினேழாம் இலக்கம் வந்ததும் சற்று நிறுத்திவிட்டு, "மதாம் தவா, முழங்கால் எப்படி?" என்று பிரெஞ்சில் கேட்பார். திடல் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். நோகத்தான் நோகிறது, என்றாலும் கம்பியைப் பிடித்து எழும்பி நின்று கை காட்டுவேன். நான் எழும்பும்வரை அவர்கள் பச்சைக் கொடியை அசைப்பதில்லை.