வெள்ளீயம் என்று நான் சொன்ன கல்

பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரியைத் தின்றோமா, காப்பியைக் குடித்தோமா என்று இருக்க வேண்டும். இரசாயனம் பேசக்கூடாது. நான் பேசினேன். ஆனால் அன்று நடந்த களேபரத்துக்கு நான் மட்டுமே பொறுப்பு என்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பாதிக் குற்றம் தமிழ்மொழியுடையது.

யுத்த காலம். மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து தூத்துக்குடிக் கடைகளில் வெள்ளீயம் கண்ணில் படுவதில்லை. உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிக் கசக்கும். துறைமுகத்தருகே கப்பல் சாமான் கடை வைத்திருந்த என் வருங்கால மாமனாருக்கு இதே கவலை. எவன் மாப்பிள்ளையாக வந்தாலும் சரி என்று முன்கூட்டியே வாங்கிப்போட்ட கல்யாண அண்டாக்கள் முற்றத்தில் கிடந்தன. ஈயம் பூசுகிறவர், கையிலிருந்தது இரண்டு பானையோடு தீர்ந்துபோய், உலைக்குப் பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

நானோ சாத்தான்குளத்து பி.எஸ்ஸி. போதாக்குறைக்கு, விஞ்ஞானம் முழுவதையும் தமிழில் பெயர்த்தே தீருவது என்று சபதம் வேறு எடுத்திருந்தேன். (யாரும் கேட்கவில்லை.)

"மாப்ள, இதக் கொஞ்சம் பாருங்க. திரேஸ்புரத்துல சங்கு குளிக்கவன் கடலடியில கெடந்துதுன்னு கொண்டாந்தான்" என்று மாமனார் ஒரு கல்லை நீட்டினார்.

தேங்காய்ச் சில்லு அளவுதான், கனமோ கையை இழுத்தது. வெள்ளைப் படிகங்கள் வைரம்போல் மினுங்கின. கத்தி முனை சுலபமாகக் கீறியது. பக்கத்துத் தட்டாரிடம் திராவகம் வாங்கி ஒரு சொட்டு விட்டேன், நுரைத்தது. கூட வந்திருந்த அப்பா என் தொடையைக் கிள்ளினார், நான் நிறுத்தவில்லை. அது பாஸ்ஜெனைட். 'லெட்' என்கிற உலோகம் கடல்நீரில் பல காலம் ஊறினால் உண்டாகும் அபூர்வத் தாது. கார்பனேட்டு வகுப்பு, அதிலும் குளோரின் சேர்ந்த தனிப் பிரிவு. இதுவரை நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன்.

"தமிழ்ல சொல்லுங்க மாப்ள."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்! படகுக்கு அடிக்கிற ஒயிட் லெட் பெயிண்டும் இந்தக் கல்லுக்குப் பங்காளிதான். ஒயிட் என்றால் வெள்ளை, லெட் என்றால் ஈயம்.

"இது வெள்ளீய இனம்" என்றேன்.

மாமனார் கல்லைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். பெருமையாக யாரிடமோ காட்டப் போகிறார் என்று நினைத்து, கேசரியை நிதானமாக முடித்தேன்.

"முதலாளி! இத வெள்ளீயம்னு எந்தப் பய சொன்னான்?" என்று ஈயம் பூசுகிறவர் போட்ட சத்தத்தில் நானும் முற்றத்துக்கு ஓடினேன்.

"மெதுவாப் பேசும் ஓய், மாப்ள சொன்னாவ."

"சொன்னா ஆச்சா? இது காரீயம்! இதப் பூசிக் கொழம்பு வச்சா, பந்தியில உக்காந்தவன் பூராவும் வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடப்பான்."

கல் உலையில் மஞ்சளாக உருகி, கரியில் ஒரு சாம்பல் நிற மணியை விட்டிருந்தது. அதை எடுத்து அவர் சுவரில் கறுப்பாக ஒரு கோடு இழுத்தார். "வெள்ளீயம் இப்பிடிக் கோடு போடுமா?"

வெள்ளீயம் என்பது டின்னுக்குப் பெயராம். லெட்டுக்குக் காரீயமாம். வெள்ளையாக இருக்கிற ஈயத்தை வெள்ளீயம் என்று சொல்லக்கூடாதாம்! இது என்ன நியாயம்? என் அபூர்வக் கல்லை அடுப்பில் போட்டு உருக்கியதைப் பற்றி ஒருவராவது வருத்தப்பட்டாரா? இல்லை.

"கல்யாணச் சோத்துலயே வெஷம் வைக்கப் பாத்தாவ. இந்தச் சம்பந்தம் நமக்குச் சரிப்படாது" என்றார் மாமனார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒரு பேர மாத்திச் சொன்னதுக்கு ஆளையே மாத்துவீங்களாப்பா?"

கல்யாணம் நடந்தது. என்னைக் காப்பாற்றியவள் அதற்கான வட்டியைப் பிறகு வசூலித்தாள். மருந்தோ, தேர்தலோ, ரசத்துக்கு உப்போ, நான் எதைப் பற்றி வாய் திறந்தாலும் அவள் மறுத்துப் பேசுவதில்லை. மகனைக் கூப்பிட்டு, "ஏலே, ஈயம் பூசுதவர் வந்தா, அப்பா சொல்லுதது சரியான்னு ஒரு வார்த்த கேட்டுக்கிடு" என்பாள்.

இப்போது வீடெல்லாம் எவர்சில்வர். எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வந்து வருஷங்களாகின்றன. நான் சொன்னவை அத்தனையும் இன்னும் நிலுவையில் கிடக்கின்றன.