மாடி அறையைக் கீழே இறக்கும் வழி கேட்டு மாப்பிள்ளைக்கு

அன்பிலும் அதைவிடப் பொறுமையிலும் குறைவில்லாத மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியமாக இருக்கிறோம். போன முறை வந்தபோது என் கணினியில் நீங்கள் போட்டுவிட்டுப் போன வீடு வடிவமைக்கும் மென்பொருள் மட்டும் சௌக்கியமாக இல்லை. அங்கே உங்களுக்கும் என் மகளுக்கும் தலைவலி, ஜலதோஷம் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்க நல்ல தேக பலம் தேவைப்படும். தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "ஒரு தடவை மூடிட்டுத் திறங்க மாமா" என்கிறீர்கள். மூடித் திறந்து, திறந்து மூடி, அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அத்தையின் முழங்காலைப் பார்த்துவிட்டு டாக்டர் இனிமேல் மாடிப்படி கூடாது என்றார். அத்தை "சரிங்க டாக்டர்" என்று பவ்வியமாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நேராக மாடியில் இருக்கும் தன் அறைக்கு ஏறினாள். கூடத்தில் ஒரு பக்கத்தைத் தடுத்து அவளுக்கு அறை கட்டிவிடலாம் என்று நீங்கள் சொன்னீர்கள், மகள் சொன்னாள், கொத்தனாரும் எப்போது வரட்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இவள்தான் மசியவில்லை. "கூடத்துல படுக்க நான் என்ன வந்துபோற விருந்தாளியா?" என்கிறாள். போன மாதம் பாதிப் படியில் கால் மடங்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாளே, கீழே இருந்து பார்த்தவன் நான். அன்றிலிருந்து அவள் ஏறும்போதெல்லாம் படியடியில் போய் நின்றுகொள்கிறேன். விழுந்தால் என்னால் தாங்க முடியாது, இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுவோம், ஆனாலும் நிற்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. "படமாப் பாத்தா அத்தை மனசு மாறிடும் மாமா" என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் இந்த வயதில் கணினி எலியைக் கையில் பிடித்தேன்.

முதல் கோளாறு என் கையில். நான் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை குத்தினால் இந்தக் கைக்கு நம்பிக்கை வராது. சரியாக விழுந்ததா என்று பார்த்து மறுபடியும் ஒன்று போடும். புதிய அறையில் ஒரு கட்டிலை வைக்கலாம் என்று பொத்தானை அழுத்தினேன், விழவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை அழுத்தினேன், பிறகு வழக்கப்படி உறுதிக்காக நாலைந்து. மேலிருந்து பார்த்தால் ஒரே ஒரு கட்டில். பக்கவாட்டில் திருப்பினால் கட்டில்மேல் கட்டிலாகக் கூரைவரை ஒரு கோபுரம்! அந்த நேரம் பார்த்தா உங்கள் அத்தை காப்பியோடு வரவேண்டும்? நிதானமாகப் பார்த்துவிட்டு, "முட்டி வலிக்காரிக்கு இவ்வளவு உசரத்துல படுக்கையா? ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதை ஒருவழியாகச் சரிசெய்தால் அடுத்தது அளவு. டேப்பின் ஒரு முனையை அவளைப் பிடிக்கச் சொல்லி வீடு முழுக்க அளந்தேன். என் டேப் அடியில் பேசுகிறது, உங்கள் மென்பொருள் மீட்டரில் கேட்டுக்கொள்கிறது, இதை எனக்கு யார் சொன்னார்கள்? அடியில் அளந்த எண்களை அப்படியே தட்டினேன். சுவர்கள் பாட்டுக்கு எழுந்தன. கூடம் ரயில் நிலையம்போல விரிந்தது. பழைய சோபாவைக் கொண்டுவந்து போட்டால், அது ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது, தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. மனித உருவம் ஒன்று இருக்கிறதே, அதை நிறுத்திப் பார்த்தேன், எறும்பு. "இதையெல்லாம் யாரு கூட்டிப் பெருக்குறது?" என்று அத்தை கேட்டாள். கேட்டாளே தவிர எழுந்து போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்புக்குறி விசையை அழுத்தினால் உள்ளே நடக்கலாம் என்று காட்டிக்கொடுத்தேன். நடந்தாள். சமையலறைக்குப் போக நெடுநேரம் ஆயிற்று. யாருமில்லாத வீடு, பளபளவென்று தரை, எல்லா ஜன்னலிலும் ஒரே நீலம். இரண்டு பேரும் அதற்குள் போய்க்கொண்டே இருந்தோம். காப்பி ஆறிப்போனது. படிக்கட்டு வந்ததும் அவள் விசையை விடவில்லை, ஒரே மூச்சில் மாடிக்குப் போய்விட்டாள். மேலே போய் நின்று, என்னைப் பார்க்காமலே, "வலிக்கவே இல்லீங்க" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். நாம் நினைத்தது கீழ் அறையைப் பார்ப்பாள் என்று. அவள் போவதெல்லாம் மாடிக்கு. ஒரு நாள் தவறுதலாகச் சுவர் ஒன்றை அழித்துவிட்டேன், அதைத் திரும்பக் கொண்டுவர பின்னால் போகும் விசையை அழுத்தினேன், என் கையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. சுவர் வந்தது, பிறகு கதவுகள் போயின, கூரை போயிற்று, மாடி போயிற்று, கடைசியில் வெறும் பச்சைப் புல்லும் மேலே வானமும் மட்டும். எனக்கு வியர்த்துவிட்டது. அவள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே, "நாம மனை பாக்க வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு. நீங்க அந்த ஓரமா நின்னு குடை பிடிச்சுக்கிட்டிருந்தீங்க" என்றாள். வெயில் நேரத்தை மாற்றும் கோலை நகர்த்தினேன், சாயங்காலம் ஆனது. திரும்ப நகர்த்தினேன், விடிந்தது. பிறகு முன்னால் போகும் விசையால் வீட்டை ஒவ்வொரு சுவராகக் கட்டி முடித்தோம். அவ்வளவு சுலபமாக யாரும் வீடு கட்டியிருக்க மாட்டார்கள்.

இப்போது முக்கியமான சந்தேகம். மாடி அறை ஜன்னலில் அவள் நாள் முழுக்க எதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று உங்களுக்குத் தெரியுமல்லவா, பின்தெரு சலவைக்கடை மொட்டைமாடியில் காயும் வெள்ளைத் துணிகளை. கணினியில் அதே ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "வெளியில ஒண்ணுமே இல்லையே" என்றாள். அவள் முகம் வாடிவிட்டது. நான் பட்டியல் பட்டியலாகத் தேடினேன். மரம் இருக்கிறது, கார் இருக்கிறது, நீச்சல்குளம்கூட இருக்கிறது, காயப்போட்ட துணி மட்டும் இல்லை. கடைசியில் படுக்கையறைத் திரைச்சீலைகளை எடுத்து, வெள்ளை நிறம் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டேன். "இங்கே சுவர் இல்லை" என்று மென்பொருள் கோபித்துக்கொண்டது, நான் கேட்கவில்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "அழகா இருக்கு. ஆனா ஆடலையே" என்றாள். மாப்பிள்ளை, இந்த மென்பொருளில் காற்று எந்தப் பட்டியலில் இருக்கிறது?

உங்கள் நண்பர்கள் யாராவது புதிதாகப் பழகினால் என் அனுபவத்தையும் சொல்லிவையுங்கள். கூரை காணாமல் போனால் பதற வேண்டாம், பார்வைப் பட்டியலில் ஒளிந்திருக்கும். நடக்கும்போது தரை வழியாகக் கீழே விழுந்துவிட்டால் கத்த வேண்டாம், பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிடுவார்கள். அலமாரி சுவரோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றால் அதை விட்டுவிட்டு சுவரை நகர்த்திக்கொள்வது நல்லது. எனக்கு வேண்டிய உதவி ஒன்றே ஒன்று. மீட்டரை அடியாக்கி, மாடி அறையைப் பிடித்து இழுத்து, உள்ளே இருக்கும் சாமான் கலையாமல், ஜன்னலோடு, கீழே கூடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். நான் இழுத்தால் கட்டில் மட்டும் வருகிறது. அவள் விழுவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும். எப்படிச் செய்வது என்று விவரமாக எழுதுங்கள், படம் போட்டாலும் சரி. அதுவரை கொத்தனாரை ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவைக்கிறேன்.

என் மகளிடம் நாங்கள் கேட்டதாகச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் குறைவில்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, வாரத்தில் ஒரு நாளாவது நேரத்தோடு வீடு திரும்பி, நீடூழி வாழ மனமார ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: ஆயுள் முழுக்கத் தபாலில் இருந்தவன் வீட்டில் ஒரு தபால்தலை இல்லை. உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு வாங்கிவரப் போனேன். திரும்பி வந்தால் மேஜையில் கடிதம் உறைக்கு வெளியே பிரிந்து கிடக்கிறது, கூடத்தில் கொத்தனார்! தரையில் சாக்கட்டிக் கோடு. அத்தை குடையால் சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்கிறாள். "இந்தக் கோட்டுல சுவரு. கட்டில் இப்படி. ஜன்னல் இங்க." கொத்தனார், "அங்க வச்சா காம்பவுண்டு சுவருதான் தெரியும்மா" என்றார். "தெரியட்டும், வெளிச்சம் வந்தாப் போதும்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கம் திரும்பினாள். "நிஜத்துல நான் கீழ வந்துடறேங்க. அந்தப் பெட்டியில மட்டும் என் அறையை மாடியிலயே விட்டு வைங்க. தோணுறப்ப ஏறிப் போய்ட்டு வரேன்."

ஆகவே மாப்பிள்ளை, மேலே கேட்ட எதற்கும் பதில் வேண்டாம். எதையும் இறக்க வேண்டாம், மீட்டரை அடியாக்கவும் வேண்டாம். என் கை தவறி அந்த மாடி அறையை அழித்துவிடாதபடி பூட்டிவைக்க வழி ஏதும் இருந்தால், அதை மட்டும் உடனே எழுதுங்கள்.