கடைவாயனைக் கண்டவன்

நான் பல் டாக்டர். வாரத்தில் ஆறு நாள் ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிறவன். ஏழாவது நாள் வீட்டில் இருப்பேன். அன்றைக்கு என் வாய்க்கு விடுமுறை.

அந்த ஏழாவது நாள் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவது என் பிறப்புரிமை என்று நினைத்திருந்தேன். என் மனைவி அப்படி நினைக்கவில்லை. "இந்த ஞாயித்துக்கிழமை ஸ்டோர் ரூமை ஒழிக்கறோம்" என்று புதன்கிழமையே சொல்லிவிட்டாள். அவள் 'றோம்' என்று சொன்னால், ஏணி மேல் நான், கீழே அவள் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை ஒருவரின் பல்லைக் குடைந்துகொண்டிருந்தபோது எனக்கு வழி பிறந்தது. ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தில் ஒரு பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும். தண்ணீர் ஓரத்தில் பலகையால் அடைத்த ஒரு சின்ன அறை. சுவரில் நீளமாக ஒரு திறப்பு, அதன் வழியே ஒளிந்திருந்து பார்க்கலாம். உள்ளே பெஞ்சு. 'பேசக்கூடாது' என்று போர்டு வேறு. வேறென்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு?

ஞாயிறு மதியம் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பறவை பார்க்க."

"உங்களுக்கு எப்பலேர்ந்து பறவை?"

"சின்ன வயசுலேர்ந்தே. உன்கிட்ட சொன்னதில்லை."

"கல்யாணமாகி பத்தொன்பது வருஷம் ஆச்சு."

"குளிர் போனா பறவையும் போயிடும். ஸ்டோர் ரூம் எங்கயும் போகாது."

சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். அவள் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"சரி, நானும் வர்றேன்."

சரணாலயத்தில் மரப்பலகைப் பாதை. இரண்டு பக்கமும் கோரை. குளிர்காற்று காதைப் பிடித்துத் திருகியது. தண்ணீரில் நூற்றுக்கணக்கில் பறவைகள். அவள் நின்று நின்று ரசித்தாள். நான் பெஞ்சை நோக்கி நடந்தேன்.

"இது என்ன பறவைங்க?"

"நீர்ப்பறவை."

"அது?"

"இதுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா."

அறைக்குள் உட்கார்ந்த பிறகுதான் அந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தேன். முழங்கையைத் திறப்பில் ஊன்றி, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டால், பின்னால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. மூடினேன்.

"என்ன தெரியுது?" காதருகே கிசுகிசுத்தாள்.

"நாரை."

அவள் ஒரு தாளில் பென்சிலால் எழுதும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"கரண்டிவாயன்."

"இப்ப?"

"அரிவாள் மூக்கன்."

கிளினிக்கில் நோயாளிகள் புரட்டுவதற்குப் போட்டிருக்கும் பறவைப் புத்தகம் கைகொடுத்தது. நடுநடுவே நன்றாகவே தூங்கினேன். கனவில் ஒருவர் வந்து வாயைத் திறந்தார்.

"ஏங்க, இப்ப என்ன?"

"கடைவாய்..." என்றேன். "ஆடுது."

"கடைவாயனா?"

விழித்துக்கொண்டேன். "ம். அதேதான்."

எழுதிக்கொண்டாள்.

நாலரை மணிக்கு என் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். உலகம் எனக்கு மிக அழகாக இருந்தது, வாசலில் சரணாலய அதிகாரியிடம் அவள் அந்தத் தாளை நீட்டும்வரை.

அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"ஒரே மதியத்துல பதினேழு வகை. கரண்டிவாயன் தெரியும் சார். இந்தக் கடைவாயனை இருபது வருஷத்துல நான் பார்த்ததே இல்லையே. எப்படி இருந்துச்சு?"

மனைவி என்னைப் பார்த்தாள். பெருமையாகப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

"கொஞ்சம் வீங்கின மாதிரி," என்றேன். "இடது பக்கமா ஆடிச்சு."

"நிறம்?"

"மஞ்சள். ஓரத்துல கறுப்பு."

அவர் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். "மறுபடி வந்தா அடையாளம் காட்ட உங்களை விட்டா ஆளில்லை சார். ஞாயித்துக்கிழமை மதியம் நாங்க பறவைகளை எண்ணறோம். குளிர்காலம் முடியறவரைக்கும் நீங்க வந்தே ஆகணும்."

"அந்த பெஞ்சுல உட்கார்ந்துதானே?"

"பெஞ்சு பார்வையாளர்களுக்கு சார். நீங்க இனிமே எங்க ஆளு. தண்ணிக்குள்ள இறங்கணும். முழங்கால் அளவுதான். பூட்ஸ் நாங்க தர்றோம்."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "வீட்டுல ஸ்டோர் ரூம் வேலை கிடக்கு. இவ தனியா கஷ்டப்படுவா."

"நான் ஒண்ணும் கஷ்டப்படமாட்டேன்," என்றாள். "பேரை எழுதிக்குங்க சார்."

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏன் இப்படிப் பண்ணின? நான் இல்லாம அந்த ரூமை எப்படி ஒழிப்ப?"

"நீங்க இல்லேன்னா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். அப்புறம் நான் தூங்குவேன்."

"அதுக்காக, நான் கண்ணு வலிக்கப் பார்த்த பறவைங்களை வெச்சே என்னை..."

அவள் பையிலிருந்து பைனாகுலரை எடுத்து என் மடியில் வைத்தாள். முன்பக்கம் இரண்டு மூடியும் கழற்றாமல் அப்படியே இருந்தன.

"மூடியோடவே பதினேழு பார்த்திருக்கீங்க," என்றாள். "திறந்தா எத்தனைன்னு அடுத்த வாரம் வந்து சொல்லுங்க."