தொண்ணூறு சதவீத நிழல்

“என் பட்டத்தைக் கொடுங்க.”

இந்த மூன்று சொற்களை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதே என்று அம்மா என்னிடம் பலமுறை சொல்லியிருந்தாள். “எதை வேணா கேளு. உங்க பெரியப்பாகிட்ட அதை மட்டும் கேக்காத.” நான் கேட்டுவிட்டேன். கேட்ட இடம் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம். கேட்ட நேரம், மனித குலம் சூரியனை இறுதியாகத் தோற்கடித்த நாளின் காலை பத்து மணி. அது ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது தற்செயல்தான். தோற்றவருக்கும் ஒரு மரியாதை வேண்டுமல்லவா?

அந்த மாபெரும் வெற்றியை முறைப்படி பதிவு செய்ய வேண்டியது என் கடமை. ‘பசுமைக் குடில் அமைப்புக் குழு’வின் கூட்டக் குறிப்பேடு என் கையில்தான் இருந்தது.

குழுவின் தலைவர் பெரியப்பா. ஓர் அலுவலகத்தின் கோப்பு அறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றியவர். அவர் போன பிறகு அலுவலகம்தான் ஓய்வு பெற்றது. அவர் இன்னும் பெறவில்லை. எங்கள் வீட்டில் சர்க்கரை தீர்ந்தால் அம்மா வாயால் சொன்னால் போதாது. ஒரு துண்டுத் தாளில் எழுத வேண்டும். அவர் அதன் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுவார். பிறகு சர்க்கரை வரும், அல்லது அடுத்த மாதம் வரும்.

தொழில்நுட்ப ஆலோசகர் என் அண்ணன். காய்கறி வளர்ப்பு பற்றி அறுபத்திரண்டு வீடியோக்கள் பார்த்தவன். அவன் நட்ட செடி ஒன்றுகூட இதுவரை பட்டுப்போனதில்லை. அவன் எதையும் நட்டதில்லை. உறுப்பினர் அப்பா. கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வேன் ஓட்டுகிறார். கூட்டங்களில் அவருடைய பங்களிப்பு “ஆமாண்ணே” என்பது. தேநீர்ப் பிரிவு அம்மா. நான் செயலாளர். “படிச்ச பொண்ணு, கையெழுத்து அழகா இருக்கும்” என்று என்னை நியமித்தார்கள். நான்கு ஆண்டுகள் நான் படித்தது தோட்டக்கலை என்பது குறிப்பேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை. எழுதியவள் நான்தான், எனக்குத் தெரியும்.

குடில் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஆறு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் ஊர். நாற்பது பசுமைக் குடில்கள், தங்கும் அறை, அசல் பட்டச் சான்றிதழோடு குறிப்பிட்ட திங்கட்கிழமை வந்து வேலையில் சேரவும் என்று எழுதியிருந்தார்கள். பெரியப்பா அதை மூன்று முறை படித்தார். மடித்தார். கோப்பில் வைத்தார். மறுநாள் காலையே முதல் கூட்டம்.

“பசுமைக் குடில்தானே வேணும்? அதுக்கு எதுக்கு பஸ்ல ஆறு மணி நேரம்? இங்கயே கொண்டு வந்துட்டா போச்சு” என்றார்.

“ஆமாண்ணே” என்றார் அப்பா.

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். ஊர் உலகத்தில் பட்டதாரிகள் வேலையைத் தேடி அலைகிறார்கள். எனக்காக வேலையே கிளம்பி என் வீட்டுக் கொல்லைக்கு வந்தது.

வராதது சான்றிதழ் மட்டும்தான். பட்டமளிப்பு விழாவில் நான் பட்டம் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் என்னிடமிருந்து பெரியப்பா வாங்கினார். “நாம வாங்கின பட்டம்” என்றுதான் எல்லாரிடமும் சொல்வார். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அவர் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நின்ற அறைகளுக்குள்ளெல்லாம் பட்டம் வாங்கியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது ஒரு பட்டம் அவர் பீரோவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது புரிகிறது. புரிந்ததால்தான் ஒன்பது மாதம் கேட்காமல் இருந்தேன். பட்டம் என் பெயரில், நூல் அவர் கையில்.

நான்காவது கூட்டத்தில்தான் அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு எடுக்கப்பட்டது. பொருள்: நிழல்வலை வாங்குதல்.

“வலையில என்னென்ன இருக்கு?” என்று பெரியப்பா கேட்டார்.

“முப்பத்தஞ்சு சதவீதம், அம்பது, எழுபத்தஞ்சு, தொண்ணூறு. நாலு இருக்கு பெரியப்பா” என்றான் அண்ணன்.

“காய்கறிக்கு முப்பத்தஞ்சு போதும். மிஞ்சிப் போனா அம்பது” என்றேன் நான்.

பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பெரிய துக்கச் செய்தி கேட்டால்தான் கழற்றுவார்.

“முப்பத்தஞ்சா? முப்பத்தஞ்சுங்கறது பாஸ் மார்க்கும்மா. நீ எண்பத்தொண்ணு வாங்கின பொண்ணு. உன் குடிலுக்கு ஜஸ்ட் பாஸ் வலையைக் கட்டினா நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“பெரியப்பா, அது மார்க் இல்ல. எவ்வளவு வெயிலை மறைக்குதுங்கற அளவு. தொண்ணூறு போட்டா நூத்துல பத்துப் பங்கு வெளிச்சம்தான் உள்ள வரும்.”

“அதாவது, தொண்ணூறு பங்கு பாதுகாப்பு.”

“செடிக்கு வெயில் வேணும்.”

“ஏன், உன்னை வெயில்லயா வளர்த்தோம்? நீ வளரலையா?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அது செயலாளரின் அதிகார வரம்புக்குள் வரவில்லை.

“நீ என்னடா சொல்ற?” என்று அப்பாவிடம் திரும்பினார்.

“ஆமாண்ணே.”

“எதுக்கு ஆமா?”

“நீங்க சொன்னதுக்குத்தாண்ணே.”

‘தீர்மானம் எண் நான்கு: தொண்ணூறு சதவீத நிழல்வலை, முதல் வகுப்பு. முன்மொழிந்தவர் தலைவர். வழிமொழிந்தவர் உறுப்பினர். ஒருமனதாக நிறைவேறியது’ என்று எழுதினேன். பொய் எழுதவில்லை. ஒருமனதாகத்தான் நிறைவேறியது. பெரியப்பாவின் ஒரு மனதாக.

அன்று மாலை கடைக்குப் பால் வாங்கப் போனேன். போகிற வழியில் நாற்றுப்பண்ணைக்குச் சம்மதக் கடிதத்தை அஞ்சலில் போட்டேன். இது குறிப்பேட்டில் இல்லை.

வெல்டர் வந்து இரும்புக் குழாய்களை நட்டார். இருபதடி நீளம், பத்தடி அகலம். கதவுக்குப் பூட்டு வைக்கச் சொன்னார் பெரியப்பா.

“தக்காளி ஓடிடுமாங்க ஐயா?” என்று வெல்டர் கேட்டார்.

“பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“உள்ள இருக்கறதுக்கா, வெளிய இருக்கறதுக்கா?”

“நீங்க வேலையைப் பாருங்க.”

வலையை இழுத்துக் கட்டி முடித்ததும் வெல்டர் உள்ளே போனார். பிறகு முகத்தைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்.

“ஐயா, கறுப்புக் கண்ணாடியை எப்பவோ கழட்டிட்டேங்க. இன்னும் போட்டிருக்கேன்னு நெனச்சு ரெண்டு தடவை மூஞ்சியைத் தடவிப் பார்த்துட்டேன்.”

“பார்த்தியா? நிபுணரே சொல்லிட்டார்” என்றார் பெரியப்பா என்னைப் பார்த்து.

தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றையும் குழித்தட்டுகளில் விதைத்தேன். ஆறு நாளில் முளைத்தன. மூன்றாவது வாரத்தில் அண்ணன் அளவு நாடாவோடு உள்ளே போனவன் கூவிக்கொண்டு ஓடிவந்தான்.

“பெரியப்பா! வீடியோல வந்ததைவிட மூணு மடங்கு உயரம்!”

குழு முழுவதும் குடிலுக்குள் கூடியது. யார் யார் நிற்கிறோம் என்று தெரிய டார்ச் தேவைப்பட்டது. நாற்றுகள் நூல் மாதிரி நின்றன. வெளிச்சம் கிடைக்காத நாற்று அதைத் தேடி நீளும். இலை வெளுக்கும். கணுவுக்குக் கணு தூரம் கூடும். தண்டு தன் தலையைத் தானே தாங்காது. பூக்காது, காய்க்காது. இதற்கு என் பாடப் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் ‘வளர்ச்சி’.

“நம்ம நிழல்ல என்ன உயரம் பார்த்தியா!” என்றார் பெரியப்பா.

“நிக்க முடியாம சாயுது பெரியப்பா.”

“அது பணிவு.”

“வெளுத்துப் போச்சு.”

“நிறம்! வெளிய கிடக்கற செடி இவ்வளவு நிறமா இருக்குமா?”

“ஆமாண்ணே” என்றார் அப்பா, டார்ச்சை என் முகத்தில் அடித்தபடி. தெரியாமல்தான் அடித்தார்.

ஆனாலும் இருட்டு என்னவோ இருட்டுதான். குழு கண்மூடித்தனமானது அல்ல. கண் தெரியாமல் இரண்டு பேர் முட்டிக்கொண்டதும் விழித்துக்கொண்டது. அண்ணனின் யோசனைப்படி தீர்மானம் பதின்மூன்று வந்தது: குடிலுக்குள் நான்கு குழல் விளக்குகள், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. வெளியே உச்சி வெயில் தெருவையே பொரித்துக்கொண்டிருக்கும். உள்ளே நாங்கள் சுவிட்சைத் தட்டிப் பகலை வரவழைப்போம். மாலை ஆறு மணிக்குப் பெரியப்பா போய் அணைப்பார். சூரியனுக்கே விடுப்பு கொடுத்த முதல் கோப்பு அறை ஊழியர் உலகத்தில் அவராகத்தான் இருப்பார்.

இப்படியாகத் திறப்பு விழா வந்தது. நான் வேலையில் சேர வேண்டிய திங்களுக்கு முந்தைய நாள். தேதியைக் குறித்தது பெரியப்பா. என் கடிதம் அவர் கோப்பில்தானே இருந்தது!

சிறப்பு விருந்தினர், பெரியப்பாவின் பழைய அதிகாரி. எந்த அறை வாசலில் பெரியப்பா முப்பத்து நான்கு ஆண்டுகளில் பாதியை நின்றே கழித்தாரோ, அந்த அறைக்காரர். வயதாகிவிட்டிருந்தது, கையில் தடி. இஸ்திரி போட்ட சட்டையில் பெரியப்பா அவருக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு ஓடினார். அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர். கூலி வாங்க வந்த வெல்டரும் ஓரமாக நின்றார்.

கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. நேர் எதிரே, குறுக்குக் குழாயில், கண்ணாடிச் சட்டத்துக்குள் நான்கு திருகாணி போட்டு இறுக்கி, என் பட்டச் சான்றிதழ். கீழே பலகை: ‘பட்டதாரி மேற்பார்வையில் இயங்குகிறது.’

ஒன்பது மாதம் கழித்து அப்போதுதான் பார்க்கிறேன். நானும் அதுவும் நலம் விசாரித்துக்கொண்டோம். இரண்டு பேருமே கொஞ்சம் வெளுத்திருந்தோம்.

“யாரோட டிகிரி இது?” என்று அதிகாரி கேட்டார்.

“நம்மளது சார்!” என்றார் பெரியப்பா. அவர் குரல் அப்படி நிமிர்ந்து நான் கேட்டதில்லை.

அதிகாரி கிட்டே போய்ப் பார்த்தார். “இதுல ஒரு பொண்ணு பேர்ல இருக்கு?”

“எங்க பொண்ணுதான் சார்.”

“எங்க அவ?”

நான் தேநீர்த் தட்டோடு அவர் பின்னாலேயே நின்றிருந்தேன்.

“என்னம்மா, எங்க வேலை பாக்கற?”

“இங்கதான் சார், பொறுப்பு அலுவலர்” என்று எனக்குப் பதிலாகப் பெரியப்பாவே சொல்லிவிட்டார். என் வாய் நோகக்கூடாது என்று எவ்வளவு அக்கறை.

அப்போதுதான் தட்டை நாற்றுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டேன். “என் பட்டத்தைக் கொடுங்க.”

பெரியப்பா சிரித்தார். வந்தவர்களுக்காகச் சிரித்த சிரிப்பு. “விழா நடக்குதும்மா.”

“நாளைக்குத் திங்கள். ஒரிஜினலைக் காட்டணும்.”

“ஜெராக்ஸ் எடுத்து அனுப்பலாம்.”

“வேலைக்கும் என் ஜெராக்ஸே போகுமா?”

அவர் என்னைத் தனியே இழுத்தார். குரல் இறங்கியது. “இவர் ரூம் வாசல்ல நான் எத்தனை வருஷம் நின்னேன் தெரியுமா? இன்னிக்குத்தான் அவர் நம்ம வாசலுக்கு வந்திருக்கார். இன்னிக்கா கேக்கணும்?”

“தெரியும் பெரியப்பா. நீங்க வாசல்ல நின்னதுக்கு என்னை ஏன் உள்ள வெச்சுப் பூட்டறீங்க?”

“பூட்டறமா? உன்னைப் பொத்திப் பொத்தித்தானே வெச்சிருக்கோம்! ஒரு வெயில் படவிட்டிருப்போமா?”

“அதைத்தான் சொல்றேன்.”

நான் வெல்டரிடம் திரும்பினேன். “அண்ணே, ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?”

“இருக்கும்மா. நான் கழட்டித் தரவா?”

“வேணாம்ணே. நானே கழட்டறேன்.”

நான்கு திருகாணிகள். அண்ணன் வீடியோ பார்த்துப் போட்டவை. இரண்டே சுற்றில் வந்துவிட்டன. சட்டத்தையும் பலகையையும் அங்கேயே வைத்தேன். தாளை மட்டும் எடுத்து உறையில் போட்டேன். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, கூட்டத்துக்குரிய குரலில் படித்தேன்.

“தீர்மானம் எண் இருபது. இக்குடிலில் தக்காளி காய்க்கவில்லை, மிளகாய் காய்க்கவில்லை, கத்தரி பூக்கவே இல்லை. பட்டதாரி ஒருத்தி மட்டும் வெளிச்சம் தேடி நீண்டுவிட்டாள். அவளைப் பதினொன்றே கால் பேருந்தில் வெளியே எடுத்து வைக்க இக்குழு தீர்மானிக்கிறது.”

“ஆமாண்ணே” என்றார் அப்பா.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். முப்பது ஆண்டுப் பழக்கம். வாக்கியம் முடிந்தால் வாய் தானாகச் சொல்லிவிடும். பெரியப்பா முறைத்தார். அப்பா வேர்த்துப் போனார். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றார்.

அம்மா வீட்டுக்குள்ளிருந்து என் பையோடு வந்தாள். “ரெண்டு நாளா கட்டிலுக்கு அடியில கிடக்கு. குடையும் வெச்சிருக்கேன்.”

குடையை எடுத்து அவளிடமே கொடுத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே வந்தேன். கண் கூசியது. தெருமுனை வரை நடந்து, பேருந்து வருவதற்குள், குறிப்பேட்டை முழங்கால் மேல் வைத்து எழுதி முடித்தேன். செயலாளராக என் கடைசிக் கடமை.

‘முன்மொழிந்தவர்: செயலாளர். வழிமொழிந்தவர்: அப்பா. எனக்கென்று அவர் வழிமொழிந்தது இதுவே முதல்முறை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இம்முறை அந்த ஒரு மனம் என்னுடையது.’