கொடும்பாவிக்குக் கொடுத்த சட்டை

அன்புள்ள மாப்பிள்ளை பூவரசன் அவர்களுக்கு, கண்டாச்சிபுரத்துப் பக்கமிருந்து மாமனார் அரங்கநாதன் எழுதிக்கொண்டது. இங்கே மழையைத் தவிர எல்லோரும் சுகம். திண்டிவனத்தில் நீங்களும் கலைமதியும் சுகமென நம்புகிறேன். போனில் பேசினால் உங்கள் அத்தை சின்னபொண்ணு காதில் விழும் என்பதால் கடிதம்.

கல்யாண மண்டபத்தில் எனக்கு வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். ரொம்ப நன்றி, வரமாட்டேன். சொந்தக் காட்டில் மல்லாட்டை போட்டவன் ஊரான் செருப்புக்குக் காவல் நிற்பதா? மேலும், எங்கள் வறுமை போன மாதமே ஒழிந்துவிட்டது. ஒழிப்பவர்கள் வேனில் வந்து, நம் நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டி, மழை இல்லாததால் டேங்கர் தண்ணீரை ஊற்றி, மீன்குஞ்சு விட்டு, எனக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீரை மண் குடித்தது, மீனைக் கொக்கு தின்றது. கொக்குக்கு வறுமை ஒழிந்தது உண்மை.

மல்லாட்டைப் பூ மண்ணில் இறங்கிக் கடலை பிடிக்கும் நேரம். மண்ணோ கல்லாகக் கிடக்கிறது. ஒரு மழை போதும். அதற்காக ஊர் கூடிக் கொடும்பாவி இழுத்தோம். வைக்கோல் பொம்மையை ஊர்ப் பாவியாக்கித் தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, எல்லையில் கொளுத்தினால் மழை வரும் அல்லவா? பொம்மைக்கு யாரும் சட்டை தரவில்லை. பெரிய மனது பண்ணி என் நீலச் சட்டையைக் கொடுத்தேன், அதுதான் தப்பு. போட்டதும் அது அப்படியே என் சாடைக்கு வந்துவிட்டது. தொப்பை மட்டும் ஜாஸ்தி என்றான் பங்காளி சீனுவாசன். ஆள் உன் வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறார், நீயே ஆரம்பி என்று பெண்கள் உங்கள் அத்தையைத் தள்ளிவிட்டார்கள். முதலில் சிரித்துக்கொண்டுதான் மாரடித்தாள். பிறகு விற்றுப்போன மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு புழுதியில் விழுந்து,

"இந்தக் காட்டக் கட்டிக்கினு அழுதியே, இன்னாய்யா கண்ட? என்னையும் இட்டுக்கினு போயிருக்கலாமே" என்றாள்.

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். எதிரிலேயே நிற்கிறேன் மாப்பிள்ளை, உயிரோடு. தோளைத் தொட்டு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்றேன். திரும்பியே பார்க்கவில்லை. ஆனால் இப்படி ஒரு ஒப்பாரியை இதுவரை கேட்டதில்லை, மழை வந்தே தீரும் என்கிறது ஊர். ஆகையால் வேலை வேண்டாம்.

நீங்களும் மகளும் கிணறு நிறைந்தாற்போல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அரங்கநாதன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மேகம் கூடியது. கூடி, உங்கள் பக்கமே போய்விட்டது. செடியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டாயிற்று. அந்த வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட வேண்டாம் என்று மண்டபத்துக்காரரிடம் சொல்லுங்கள். பாத்திரம் கழுவ உங்கள் அத்தையும் வருகிறாள். கல்யாணம் நடக்கிற இடத்தில் அழமாட்டாள், அதற்கு நான் பொறுப்பு.