அப்பாவின் துப்பாக்கியும் உன் கையெழுத்தும்

உப்பிலியபுரம்,
நவம்பர் 14

அன்புத் தம்பி ஸ்டீபன்ராஜுக்கு அண்ணன் இருதயநாதன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அண்ணி வியாகுலம்மாளும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. திருச்சியில் நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

அப்பா இறந்து பதினான்கு மாதமாகிறது. அவருடைய துப்பாக்கியும் அன்று முதல் போலீஸ் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற, இன்னொரு வாரிசான நீ ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். போனில் கேட்டதற்கு, "ஊர்ல துப்பாக்கி குறைஞ்சாத்தாண்ணே சாவு குறையும், சட்டம் இன்னும் கடுமையா இருக்கணும்" என்று பாடம் நடத்தினாய். நீ வாத்தியார், சொல்லலாம். நீங்கள் இருக்கும் மேலப்புதூருக்குக் காட்டுப்பன்றி வராது. இங்கே பச்சைமலையிலிருந்து இறங்கி வந்து இரண்டு ஏக்கர் மக்காச்சோளத்தையும் உழுதுவிட்டுப் போய்விட்டன. அப்பா வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் ஒரு வாரத்துக்கு எட்டிப் பார்க்காது. நான் தகர டப்பா கட்டினேன், பழைய சேலை கட்டினேன், வரப்பில் ரேடியோவைப் பாட விட்டேன். ரேடியோவுக்குப் பக்கத்தில்தான் அதிகமாகத் தின்றிருக்கிறது. லைசென்ஸுக்கு வேண்டிய டாக்டர் சான்றிதழுக்குப் போனால், மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "கோபம் வருமாங்க?" என்றார். வராதுங்க என்றேன். வேறொரு பாரத்தைப் புரட்டிவிட்டு அதையே மறுபடி கேட்டார். "எத்தனை தடவைய்யா சொல்றது" என்று மேசையைத் தட்டிவிட்டேன். அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் பக்கத்து வயல் ஹரிஹரசுதன், "தங்கமான மனுசருங்க, கையில ஒண்ணும் இல்லாதவரைக்கும்" என்றிருக்கிறார். அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாராம். உன் அண்ணி அறுவடைக்கு வாங்கிய சாக்குகளை மடித்துப் பரணில் போட்டுவிட்டாள். அதைத்தான் பார்க்க முடியவில்லையடா. பன்றியைக் காப்பாற்றக்கூட ஒரு சட்டம் இருக்கிறது, எனக்குத்தான் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

லின்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. ஆரோக்கிய மாதா உங்களை எல்லா ஆபத்திலிருந்தும் காக்கட்டும்.

அண்ணன்
இருதயநாதன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் உன் அண்ணி இதைப் படித்தாள். "அன்னைக்கு நடந்ததையும் எழுதுங்க, இல்லாட்டி நான் எழுதுறேன்" என்றாள். எழுதுகிறேன். மூன்று மாதம் முன்னால், ஆகஸ்டில், கிணற்றுப் பங்கு கேட்டு நீ வந்தபோது, நாலு பேர் முன்னால் என்னைத் திருடன் என்றாய். நான் உள்ளே போனேன். தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பாய். அப்பா துப்பாக்கி மாட்டும் சுவருக்குத்தான் போனேன். ஆணி மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. உன் அண்ணிதான் என் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்து வெளியே அனுப்பினாள். நீ வாங்கிக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாய்.

கையெழுத்துப் போடாதே.